பத்தாம் நம்பர் செருப்பு

என் வீட்டில் கொஞ்ச காலம் ஓர் ஆண் இருந்தார். அவருக்கு முகம் கிடையாது, பெயர் கிடையாது, சாப்பாடு போட வேண்டியதில்லை. வாசலில் ஒரு ஜோடி செருப்பு மட்டும் அவருக்கு இருந்தது. பத்தாம் நம்பர்.

வேங்கிக்காலில் புதிதாக முளைத்த தெரு ஒன்றில் வாடகைக்கு இருக்கிறேன். நாற்பதைத் தாண்டியவள், கல்யாணம் ஆகாதவள், தனியாக இருப்பவள். இவ்வளவையும் கேட்டுக்கொண்டு ஒருவர் வீடு கொடுத்தாரே, அது அண்ணாமலையார் செய்த அற்புதம் என்று கீழ்பென்னாத்தூரில் இருக்கும் என் அம்மா நம்புகிறார். அதற்கு முன் நான் ஏறி இறங்கிய வாசல்களை அண்ணாமலையார் ஏன் கவனிக்கவில்லை என்று நான் கேட்டதில்லை.

பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டின் பூட்டு உடைபட்டதும் எங்கள் தெருவுக்கு ஞானம் பிறந்தது. சங்கம் வந்தது, வாட்ஸ்அப் குழு வந்தது, என் எதிர்வீட்டுச் சுவரில் கேமரா வந்தது. காவல் நிலையத்திலிருந்து ஓர் அம்மா வந்து பேசினார். ஊருக்குப் போவதைக் குழுவில் போடாதீர்கள், சாவியை மீட்டர் பெட்டியில் ஒளிக்காதீர்கள் என்றார். மீட்டர் பெட்டி என்றதும் பாதித் தெரு தரையைப் பார்த்தது. அவர் போன பிறகு சங்கச் செயலாளர் மைக்கைப் பிடித்தார். ரிட்டயர் ஆனவர். மைக் கிடைத்தால் லேசில் கீழே வைக்கமாட்டார்.

கூட்டம் முடிந்து எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏம்மா, நீ தனியா இருக்க. வாசல்ல ஒரு ஜோடி ஆம்பள செருப்பு போட்டு வை. பெருசா வாங்கு, பாக்கறவன் பயப்படணும்."

யோசனை நன்றாகத்தான் இருந்தது. தேரடி வீதியில் செருப்புக் கடைக்காரர், "சாருக்கு இன்னா சைஸ்மா?" என்றார். இருப்பதிலேயே பெரியது என்றேன். "நல்ல ஒசரமா இருப்பாரு போல," என்றார். ஆமாம் என்றேன். உயரத்தில் கஞ்சத்தனம் பண்ணுவானேன்?

புதுச் செருப்பு எந்தத் திருடனையும் ஏமாற்றாது. ஆகவே தினமும் ஆபீஸிலிருந்து வந்ததும் அதில் காலை நுழைத்துக்கொண்டு, கேட்டிலிருந்து துணி துவைக்கும் கல் வரை போய்த் திரும்புவேன். படகில் நிற்பது போல் இருக்கும். மண் ஏறியது, குதிகால் தேய்ந்தது. சில நாள் ஒன்றை இங்கேயும் இன்னொன்றை அங்கேயும் கழற்றி எறிவேன், ஒன்றைக் கவிழ்த்தும் போடுவேன். எங்கள் அப்பா அப்படித்தான் கழற்றுவார். கலைஞனுக்குரிய பெருமிதம் எனக்கு வந்துவிட்டது.

திருடன் வரவில்லை. வீட்டு ஓனர் வந்தார். தெருக்கோடியில் அவர் வீடு.

"ஏம்மா, இந்த மாசத்தோட வீட்ட காலி பண்ணிடு."

"என்னா சார், என்னா ஆச்சு?"

"நீ தனியா இருக்கறன்னு சொல்லித்தான வந்த? இப்ப இது யாரு?" என்று செருப்பைக் காட்டினார்.

எதிர்வீட்டு அக்காதான் கண்டுபிடித்தவர். பௌர்ணமிக்கு எங்கள் தெரு வீட்டு வாசற்படியிலிருந்தே வெறுங்காலோடு கிரிவலம் கிளம்பும். போன பௌர்ணமியும் தெருவே போயிருந்தது. நான் மட்டும் போகவில்லை. எனக்கு அந்த அளவுக்கு பக்தி கிடையாது, மலையும் எங்கேயும் போய்விடாது. ஆக, தெருவே காலியாக இருந்தபோது நானும் அந்தச் செருப்பும் மட்டும் இருந்திருக்கிறோம். போதாததற்கு, செருப்பு கவிழ்ந்து கிடந்தால் வீட்டில் சண்டை என்று அக்காவுக்குத் தெரியும். வாரத்தில் பாதி நாள் எங்களுக்குள் சண்டை என்று தெரு முடிவு கட்டியிருந்தது.

செருப்பு சும்மா வைத்தது என்றேன். "செருப்பு தனியா நடந்து வருமா?" என்றார் ஓனர். செயலாளரிடம் ஓடினேன். அவர் நெற்றியைத் தடவினார். "நான் ஆயிரம் பேருக்கு ஆயிரம் யோசனை சொல்றேன்மா. செருப்புனு சொன்ன மாதிரி ஞாபகம் இல்லையே."

அவரை அந்தப் பத்தாம் நம்பராலேயே அடிக்கலாம் போல இருந்தது. இன்னொரு வீடு தேடி, மறுபடியும் வாசல் வாசலாக நின்று, "வீட்டுக்காரர் என்ன பண்றார்?" என்ற கேள்விக்குப் பல்லைக் காட்ட என்னால் ஆகாது. "கேமரா இருக்குதே. அதுல பாருங்க சார், எந்த ஆம்பள வந்தான்னு," என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை செயலாளர் வீட்டு டிவியில் என் வாசல் ஓடியது. ஓனர், எதிர்வீட்டு அக்கா, இன்னும் சிலர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். முறுக்குகூட வந்தது. திரையில் மாலை வெளிச்சம். நான் வருகிறேன். கைப்பையை வைக்கிறேன். அந்தப் பெரிய செருப்புக்குள் இறங்கி, வாத்து போலத் துவைக்கும் கல்லுக்குப் போகிறேன், திரும்புகிறேன். ஒரு செருப்பை உதறுகிறேன். இரண்டடி பின்னால் நின்று அழகு பார்க்கிறேன். பிறகு போய் அதைக் கவிழ்க்கிறேன். மறுநாள் மாலையும் அதே. அடுத்த நாளும் அதே.

முதலில் சிரித்தது எதிர்வீட்டு அக்கா. அப்புறம் ஓனர் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார். "அட, நான்தான் சொன்னேன்!" என்று செயலாளருக்கு ஞாபகம் திரும்பியது. "நீ இரும்மா, காலி பண்ண வேணாம்," என்றார் ஓனர்.

வீடு தப்பியது. ஆனால் யாரோ புண்ணியவான் டிவியை போனில் படம் பிடித்து, நான் வீட்டுக்குத் திரும்புவதற்குள் குழுவில் போட்டுவிட்டார். அவசரத்துக்கு ஆகும் என்று பால்காரர், பிளம்பர், தண்ணீர் கேன் போடுபவர் எல்லோரையும் அந்தக் குழுவில் சேர்த்திருந்தார்கள். இந்த வீட்டில் ஆண் இல்லை, ஒரு பெண் தனியாக இருக்கிறாள் என்று தமுக்கடித்தாயிற்று. நான் நல்லவள் என்று நிரூபிக்க, நான் தனியாள் என்பதை ஊருக்குக் காட்ட வேண்டியிருந்தது.

"அண்ணன் நல்லாகீறாரா?" என்று பால்காரர் கிண்டல் செய்தார். அதைப் பொறுத்துக்கொண்டேன். மறுவாரம் முன்பின் தெரியாத ஒருவன், தண்ணீர் சுத்தம் பண்ணும் மிஷின் விற்பவனாம், கேட்டில் கை வைத்துக்கொண்டு, "தனியாதான் இருக்கீங்களாமே மேடம்?" என்றான். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, அவன் தெருமுனை தாண்டும் வரை ஜன்னலில் நின்றேன். பத்தாம் நம்பரைப் பரணில் எறிந்தேன். அன்றிலிருந்து கதவுக்குப் பின்னால் கிரைண்டரை நகர்த்தி வைத்துவிட்டுத்தான் படுத்தேன். கோபம் கோபமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

அடுத்த பௌர்ணமி வந்தது. ஊருக்குள் பஸ் பஸ்ஸாக வெளியூர் ஜனம் இறங்கும் நாள். எங்கள் தெரு காலியாகும் நாளும் அதுதான். சாயங்காலம் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு அக்கா கையில் தன் வீட்டுக்காரருடைய செருப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இன்னிக்கி இவரு வெறுங்கால்தான? சும்மா கெடக்கறது உன் வாசல்ல கெடக்கட்டும். காத்தால எடுத்துக்கறேன்." வாசலில் வைத்துவிட்டு, "கவுத்துப் போட்டுடாத தாயே, நெஜமாவே எங்க வீட்ல சண்ட வந்துடும்," என்றார்.

மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயில் வரவில்லை. பின்னாலேயே அடுத்த வீட்டம்மா வந்தார், கையில் தூசி தட்டாத ஒரு ஜோடி ஷூ. செயலாளர் தன் செருப்பைத் தானே கொண்டுவந்து, சுவரோரமாக வரிசைப்படுத்தி, சிறிய உரையும் ஆற்றினார். எல்லோரும் வெறுங்காலோடு மலையைப் பார்த்து நடந்தார்கள். என் வாசல் கல்யாண மண்டப வாசலாகக் கிடந்தது. உள்ளே வந்து சிரித்தேன். அப்புறம் உட்கார்ந்து அழுதேன்.

காலையில் அவரவர் வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். ஒரு ஜோடி மட்டும் மிஞ்சியது. பழைய தோல் செருப்பு, ஏழாம் நம்பர்தான் இருக்கும். ஓனருடைய மனைவி அந்தப் பக்கமாக வந்தார். எடுத்துக் கொடுக்கக் குனிந்தேன்.

"இருக்கட்டும்மா. இங்கியே கெடக்கட்டும்னு அவருதான் சொன்னாரு. நேர்ல வந்து சொல்ல கூச்சப்படறாரு."

அன்றைக்குக் கிரைண்டரைச் சமையலறைக்கே தள்ளிக்கொண்டு போய் வைத்தேன். இட்லிக்கு அரிசி ஊறப்போட்டு ரொம்ப நாளாகியிருந்தது.