காற்றுக் குமிழி வராத தையல்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை மாங்குளத்திலிருந்து வந்த அம்புலன்ஸ் சாரதி, வாகனத்தை விட்டு இறங்காமலே என்னைக் கூப்பிட்டார். "ஐயா, உங்கடை டொக்டர் விடியக்காலமை மோசம் போட்டாராம். தமக்கையார் வீட்டிலை லீவிலை நிண்டவர். நெஞ்சு நோகுது எண்டு கதிரையிலை இருந்தவராம், அவ்வளவுதான்."

காலமானது எந்த டொக்டர் என்று நான் கேட்கவில்லை. சத்திரசிகிச்சை நிபுணர் நல்லைநாதனுக்கு ஐம்பத்தொரு வயது. ஒன்பது வருடமாக அவர் வெட்டவும் தைக்கவும் நான் தலைமாட்டில் நின்று மயக்க மருந்து கொடுத்தேன். சமாதானமாக இருந்த நாட்களை விடச் சண்டை பிடித்த நாட்கள்தான் அதிகம். அவரை அறிந்த நண்பர்களாகிய உங்களுக்காக இதை எழுதுகிறேன்.

யுத்தத்தில் இடம்பெயர்ந்த எங்கள் ஆஸ்பத்திரி சில வருடங்களுக்கு முன் உடையார்கட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த மருத்துவர் ஒருவர், போகும்போது குடல் பொருத்தும் ஸ்ரேப்ளர் ஒன்றைத் தந்துவிட்டுப் போனார். கடதாசி குத்துகிற ஸ்ரேப்ளரின் சாதிதான் அது. வெட்டிய குடலின் இரண்டு முனைகளையும் வைத்து அமத்தினால் கம்பிகள் வரிசையாக இறங்கிப் பொருத்திவிடும். கம்பி நிரப்பிய உறைகள் மூன்று இருந்தன. எங்கள் பக்கத்துக்கு மருத்துவச் சாமான் வரத் தடை இருந்த காலம். நான்காவது வர வழியில்லை. எங்கள் டொக்டர் முதலாவதை ஆட்டுக்குடலில் பாவித்துத் தீர்த்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் ஏசியதை அவர் காதில் விழுத்தவில்லை. இறைச்சிக் கடையில் வாங்கிய குடலை ஓரிடத்தில் வெட்டிக் கையால் தைத்தார், இன்னோரிடத்தில் ஸ்ரேப்ளரால் பொருத்தினார். பிறகு அதைப் பேசின் தண்ணீரில் அமிழ்த்திச் சைக்கிள் பம்பால் காற்றடித்தார். ஒட்டுப் போடுகிறவர்கள் ரியூப்பில் ஓட்டை தேடுகிற அதே வேலை. இரண்டு இடத்திலும் குமிழி வரவில்லை.

"பாத்தீரா ஐசே, கையும் பிழையில்லை. நேரம்தான் வித்தியாசம்" என்றார். "கையாலை தைக்க எனக்கு முக்கால் மணித்தியாலம். களைச்ச இருதயம் அவ்வளவு நேரம் மயக்கத்திலை கிடவாது. மிச்ச ரண்டும் அதுகளுக்குத்தான்."

எது களைத்த இருதயம் என்று கண்டுபிடிக்க எங்களிடம் ஒரு மெசினும் இல்லை. நோயாளியிடமோ உறவினரிடமோ ஒரே கேள்வியைத்தான் கேட்பார்: "போன கிழமை என்ன வேலை செய்தனீங்கள்?" பதிலைக் கேட்டு, நாடி பிடித்து, ஒரு கொப்பியில் இரண்டு வயது எழுதுவார். ஒன்று நிவாரண அட்டையில் உள்ள வயது, மற்றது அவர் மதித்த இருதயத்தின் வயது. "பிறந்த வருசம் அட்டை எழுதிற விதானையாருக்கு வேணும், எனக்கென்னத்துக்கு?" என்பார். அந்தக் கொப்பியைக் கட்டுரையாக்கி ஒரு மருத்துவச் சஞ்சிகைக்கு அனுப்ப வேண்டுமென்பது அவருடைய ஒரே ஆசை.

அப்படி இருக்கும்போதுதான் மாரியாயியைக் கொண்டு வந்தார்கள். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து முரசுமோட்டையில் வயல் செய்த குடும்பம். அங்கிருந்தும் இடம்பெயர்ந்து வந்திருந்தது. குடல் முறுகி, வயிறு வீங்கியிருந்தது. அட்டையில் வயது எழுபத்தெட்டு.

"ஸ்ரேப்ளரை எடுங்கோ டொக்டர். இல்லாட்டி நான் மயக்கம் குடுக்கமாட்டன்" என்றேன்.

அவர் மகனைப் பார்த்துத் தன் கேள்வியைக் கேட்டார்.

"முந்தாநாளு வரைக்கும் அடுத்தவங்க வயல்ல கூலிக்குக் களை புடுங்குனாங்க ஐயா. வெறகு வேற சொமந்துகிட்டு வந்தாங்க."

"அறுபது வயசு இருதயம். கையாலை தைப்பம்" என்றார் டொக்டர். கோபத்தோடுதான் மயக்கம் கொடுத்தேன். அவர் தைத்து முடிக்கும்வரை என் விரல் கிழவியின் நாடியை விட்டு விலகவில்லை. அது ஒருதரமும் தடுமாறவில்லை. பத்தாம் நாள் கிழவி நடந்து வீட்டுக்குப் போனார். எழுபத்தெட்டுக்கு அறுபது: வயதை அல்ல, வேலையைத்தான் கேட்க வேண்டும் என்பதற்குக் கொப்பியில் அதைவிட நல்ல சாட்சி இல்லை. கட்டுரையை டொக்டர், பெயர் குறிப்பிடாமல், அந்தக் கிழவியிலிருந்தே தொடங்கினார்.

இரண்டு மாதம் கழித்து மாரியாயி ஒரு பூசணிக்காயோடு வந்தார். கட்டுரை தபாலுக்கு ஆயத்தமாக மேசையில் இருந்தது.

"ஐயாகிட்ட பொய் சொல்லக்கூடாதுங்க. எனக்கு அறுவத்தோரு வயசுதான். வயசானவங்களுக்குப் பால்மா குடுக்குறாங்கன்னு, பேத்திக்காகக் கூட்டி எழுதிப்புட்டோம்."

டொக்டர் பூசணிக்காயை வாங்கி மேசையில் வைத்தார். பிறகு சிரித்தார். "அப்ப நான் சரியாத்தான் மதிச்சிருக்கிறன்" என்றார். மாரியாயி போனதும் டொக்டர் பேனையை எடுத்து, கொப்பியில் அந்த வரியை வெட்டினார்.

"விடுங்கோ டொக்டர், ஆருக்குத் தெரியப்போகுது?" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியும்தானே ஐசே. இதை நம்பி ஒருத்தன் எங்கையோ மெய்யாவே எழுபத்தெட்டு வயசான ஒரு கிழவியை மேசையிலை கிடத்துவான்."

ஏன் வெட்டினார் என்று கொப்பியில் எழுதவில்லை. எழுதினால் பால்மா நின்றுவிடும் என்றார். அந்த வரி இல்லாமல் கட்டுரைக்கு முதுகெலும்பு இல்லை. புதிய நோயாளிகளைச் சேர்த்து எழுதலாம் என்று எடுத்து வைத்தார், கடைசிவரை அனுப்பவில்லை. வேறொருவராக இருந்தால் அனுப்பிப் பெயர் வாங்கியிருப்பார். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

செத்தவீட்டுக்கு மாரியாயியும் வந்திருந்தார். என் பக்கத்தில் வந்து நின்று, "ஐயாவுக்கு என்ன வயசுங்க?" என்று கேட்டார். சொன்னேன். "மெய்யான வயசா?" என்றார். ஓம் என்றதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

கொப்பி தமக்கையாரிடம் இருக்கிறது, அது அங்கேயே இருக்கட்டும். நான் வைத்துக்கொண்டது அவருடைய கேள்வியைத்தான். இப்போது யாருக்கும் மயக்கம் கொடுக்க முன்னர் அட்டையைப் பார்ப்பதில்லை, போன கிழமை என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்கிறேன். இந்தக் கடைசி மாதங்களில் குளக்கட்டில் அவர் சைக்கிளில் ஏறி மிதிக்காமல் உருட்டிக்கொண்டு வந்தார். இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். சைக்கிளுக்கு வயசு போட்டுதோ என்று நான் பகிடி விட்டேன், அவரும் சிரித்தார். அந்தக் கேள்வியை அவரிடம் மட்டும் நான் ஒருநாளும் கேட்கவில்லை.