வெர்னிஸின் கால் எங்கே ஆரம்பிக்கிறது

கார் ஏறாத மலை வீடுகளுக்கு இருபத்தாறு வருஷமாக வெர்னிஸ் மோடஸ்ட்தான் தபால் கொடுத்து வந்தாள். ஒரு வீட்டில் கொக்கோ டீ, அடுத்த வீட்டில் ஒரு மூச்சு ஊர்வம்பு. கிரெனடாவில் அவளைவிடச் சந்தோஷமாகச் சம்பளம் வாங்கியவர்கள் குறைவு.

போன மழையில் நொண்ட ஆரம்பித்தாள். தபால் அலுவலகத்தில் அவளுக்குப் பக்கத்து நாற்காலி என்னுடையது. எங்கள் அதிகாரி ரெட்ஹெட் சொல்லிவிட்டார்: “நடக்கலாம்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வா. இல்லேன்னா கவுன்டர்ல உக்காரு.”

சுகாதார நிலையத்துக்கு இங்கிலாந்திலிருந்து புது டாக்டர் வந்திருந்தார். “என் ஃபுட் வலிக்குது, டாக்டர்” என்றாள். எங்கள் ஆங்கிலத்தில் ஃபுட் என்றால் இடுப்பிலிருந்து கட்டைவிரல் வரை மொத்தக் காலும். அவருடைய ஆங்கிலத்தில் கணுக்காலுக்குக் கீழே மட்டும். செருப்பைக் கழற்றச் சொன்னார், பாதத்தை அமுக்கினார், எக்ஸ்ரே படம் எடுத்தார். ‘பாதத்தில் கோளாறில்லை, நடக்கலாம்’ என்று எழுதிக் கொடுத்தார்.

சீட்டைப் படித்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“அடியே, வலி உனக்கு இடுப்புலல்ல? இந்தாளு பாதத்தைப் பாத்திருக்காரே!”

“படம் எடுக்கறப்பவே தெரிஞ்சுது.”

“சொல்றதுக்கென்ன? வாயில என்ன, சீமைப்பலாவா?”

“சொன்னா நடக்காதேன்னு எழுதுவாரு. நீ சும்மா இரு.”

ரெட்ஹெட் சீட்டை வாங்கிக்கொண்டார். பை மறுபடி அவள் தோளில் ஏறியது.

மூன்று வாரம் தாங்கியது. ஒரு வெள்ளிக்கிழமை, மலையுச்சியில் கடோர் வீட்டுப் படியில் உட்கார்ந்தவளால் எழ முடியவில்லை. கடோர் ஓய்வுபெற்ற போலீஸ்காரர். ஒரு தோளில் பையும் மறு தோளில் அவள் கையுமாகச் சுகாதார நிலையம்வரை இறக்கிக் கொண்டுவந்தார்.

“மிஸ் வெர்னிஸ், லெட்டரைத்தான் நீ கொண்டுவரணும். உன்னை நான் டெலிவரி பண்றேன் பாரு!”

“பத்திரமா இறக்குங்க. கையெழுத்து வாங்கணும்.”

டாக்டர் முன் அவள் உட்காரவில்லை. இடுப்பெலும்பில் பட்டென்று தட்டினாள். “டாக்டர், என் ஃபுட் இங்கேருந்து ஆரம்பிக்குது.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “அன்னிக்கே காட்டியிருக்கலாமேம்மா?”

“காட்டியிருக்கலாம்” என்றாள்.

இடுப்பு மூட்டு தேய்ந்திருந்தது. மலை ஏறக் கூடாதென்ற புதுச் சீட்டை யார் சொல்லியும் அல்ல, அவளாகவே ரெட்ஹெட் மேஜையில் கொண்டுபோய் வைத்தாள்.

திங்கட்கிழமை கவுன்டரில் அவள். பை என் தோளில். எந்த வீட்டு நாய் கடிக்கும், எது குரைப்பதோடு சரி என்று வாசல்வரை நொண்டிவந்து சொல்லி அனுப்பினாள்.