பெரியவர் பேர் முன்னால்

தாராவியில் எங்கள் கடையில் அச்சாவது முக்கால்வாசி கல்யாணப் பத்திரிகைதான். வீட்டுக்காரர் மெஷினைப் பார்ப்பார், கம்ப்யூட்டரில் எழுத்துக் கோர்ப்பது நான். மாப்பிள்ளை பேரில் எழுத்து தப்பினால்கூட ஸ்டிக்கர் ஒட்டிச் சமாளித்துவிடலாம். பெரியப்பா பேர் சித்தப்பா பேருக்குக் கீழே போய்விட்டால் கல்யாணமே நின்றாலும் நிற்கும். அதனால் யார் மூத்தவர் என்று கேட்டுக் கேட்டுத்தான் பேர் அடுக்குவேன்.

அந்தப் பழக்கத்தோடுதான் ஒரு பெண் கொண்டுவந்த வேலையிலும் கை வைத்தேன். அவள் எங்கள் சந்தில் வளர்ந்த பிள்ளை. இப்போது செம்பூரில் இருக்கிறாள், புற்றுநோய் ஆராய்ச்சி செய்கிறாள். பதவி உயர்வுக்கு நேர்காணல், கமிட்டியில் ஐந்து பேர். அவள் எழுதிய கட்டுரைகளின் பட்டியல், ஒவ்வொன்றையும் மற்ற ஆராய்ச்சிக்காரர்கள் எங்கெங்கே எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள் என்ற விவரம், எல்லாம் சேர்த்து ஐந்து புத்தகம் வேண்டும் என்று பென்டிரைவைக் கொடுத்தாள்.

"அழகாப் போட்டுக் குடுங்கக்கா. வருசா வருசம் தள்ளிப்போவுது. இந்தத் தடவ விட்டா சொந்தமா லேப் கெடையாது."

திறந்து பார்த்தால் எனக்குத் திக்கென்றது. முக்கியமான கட்டுரைகளில் எல்லாம் இவள் பேர் முதலில், இவளுடைய பெரிய சார் பேர் கடைசியில். அந்த சார் பக்கத்து கிங்ஸ் சர்க்கிள்காரர், அவர் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடித்ததே நாங்கள்தான். பாவம், அவசரத்தில் மாற்றிப் போட்டுவிட்டாள் என்று நினைத்து, ஒவ்வொன்றிலும் சாரை மேலே ஏற்றி, இவளைக் கீழே இறக்கினேன்.

நேர்காணலன்று காலை பத்து மணிக்கு வந்தாள். புரட்டினாள். பேப்பர் கட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, எம்பேரு எங்க போச்சு?"

"கடைசில இருக்கு பாரும்மா. சார் இருக்கும்போது நீ முன்னால நிக்கலாமா?"

"வேலை செஞ்சவங்க பேருதான்க்கா மொதல்ல வரும். கடைசிப் பேரு லேப் தலைவருக்கு. இப்ப பாத்தா சார்தான் டெஸ்ட் டியூப் பூராத்தையும் கழுவுன மாதிரியும், நான் அவருக்கு அதிகாரியா இருந்த மாதிரியும்லா இருக்கு."

"அப்ப நடுவுல இருக்கவங்க?"

"பந்திக்கு வந்தவங்க."

அவளுக்கே சிரிப்பு வந்து, வந்த வேகத்தில் அடங்கியது. ஒரு பக்கத்தில் விரலை வைத்தாள். வாய்ப்புற்று பற்றிய கட்டுரை, அவள் எழுதியதில் அதிகம் பேசப்பட்டது அதுதானாம்.

"இத எங்கெங்கயோ இருக்கவங்கல்லாம் எடுத்துச் சொல்லுதாங்க. எப்படி எழுதுவாங்க தெரியுமா? மொதப் பேர மட்டும் போட்டு, 'மற்றும் பலர்'னு முடிச்சிருவாங்க. அத்தன ஊர்லயும் எம்பேருதான் நிக்கி. நீங்க என்னையப் பலர்ல தள்ளிட்டீங்க."

வீட்டுக்காரர் மெஷினுக்குப் பின்னாலிருந்து, "என்னையும் அவ பலர்லதாம்மா வச்சிருக்கா" என்றார்.

பன்னிரண்டு மணிக்கு அவள் அங்கே இருக்க வேண்டும். நல்லவேளை, பென்டிரைவில் அவள் எழுதியது எழுதியபடியே இருந்தது. அதைப் போட்டு அடித்தோம். நாலு புத்தகம் பைண்டிங் வரை வந்தது. ஐந்தாவதில் மெஷின் காகிதத்தைக் கடித்துக்கொண்டு நின்றது. வீட்டுக்காரர் உள்ளே கையை விட்டு இழுக்கிறார், அது விடமாட்டேன் என்கிறது. மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. எனக்கு அழுகை முட்டியது. அவளோ நான் பேர் மாற்றிப் போட்ட பழைய புத்தகம் ஒன்றை எடுத்து நாலோடு சேர்த்துப் பையில் வைத்தாள்.

"அத எதுக்கும்மா?"

"அஞ்சு பேர்ல சாரும் ஒருத்தர். உண்மை தெரிஞ்ச ஒரே ஆளும் அவருதான. நடந்தத மொதல்லயே சொல்லி, இத அவரு கையிலயே குடுத்துருதேன்."

டாக்ஸி பிடித்துப் போய்விட்டாள். அதன் பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. ஒரு காதுகுத்துப் பத்திரிகையில் தாய்மாமன் பேரையே விட்டுவிட்டேன், வீட்டுக்காரர் கண்டுபிடித்தார். நாலரை மணிக்கு போன் வந்தது.

"கெடைச்சிட்டுக்கா."

"சார் திட்டுனாரா?" என்று கேட்டேன்.

"பக்கம் பக்கமா வாசிச்சாரு. முடிஞ்சதும் மத்த நாலு புத்தகத்தையும் திருப்பிக் குடுத்துட்டாங்க. அவரு மட்டும், 'தலைவரானதுலேர்ந்து எம்பேரு முன்னால வந்ததே இல்ல, இது எங்கிட்டயே இருக்கட்டும்'னு எடுத்துட்டுப் போயிட்டாரு. வீட்ல காட்டணுமாம்."