சுருதி இறங்கிய ஜப்பான் பாட்டு

அந்த சிடியை நான் தேடிப் போய் வாங்கவில்லை. கலிபோர்னியாவில், ஃப்ரீமான்ட் நூலகத்தில் பழைய புத்தகங்களை விற்கும் ஒரு சனிக்கிழமை, சமையல் புத்தகக் குவியலுக்கு அடியில் கிடந்தது. அட்டையில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெண். பதினேழு, பதினெட்டு வயது இருக்கும். புருவத்தைத் தொடும் முடி. எழுத்தெல்லாம் ஜப்பானிய மொழி. என் கணவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல உனக்கு என்ன புரியப் போகுது? வேணும்னா எடுத்துக்கோ. கெளம்பலாம், டைம் ஆகுது" என்றார். அவருக்கு எல்லாவற்றுக்கும் டைம் ஆகும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. அவருக்கு வேலை விசா. எனக்கு மனைவி என்ற முறையில் கிடைத்த விசா, அதில் வேலை பார்க்கக் கூடாது. வீட்டில் ஒரே கார், எனக்கு ஓட்டவும் தெரியாது. ஃப்ரீவே நிரம்புவதற்குள் காலையில் கிளம்பினால் ராத்திரிச் சாப்பாட்டுக்குத்தான் வருவார். நடுவில் நான் பார்க்கிற ஒரே மனிதர் தபால்காரர். அவரும் "ஹாய்" சொல்லிவிட்டுப் பெட்டியைப் பூட்டிக்கொண்டு போய்விடுவார். சில நாள் சாயங்காலம் பேச வாயெடுத்தால் தொண்டை கரகரக்கும், அவ்வளவு நேரம் பேசாமல் இருந்திருப்பேன். எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. மே மாதம் ஊரில் தம்பிக்குக் கல்யாணம். போக வர டிக்கெட் எடுத்தாகிவிட்டது. போவது மட்டும்தான், திரும்பி வருவதில்லை என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன். கணவரிடம் சொல்லவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை.

அவர் கிளம்பியதும் அந்த சிடியைப் போட்டுவிடுவேன். நான் சின்ன வயதிலிருந்து முறையாகப் பாட்டு கற்றுக்கொண்டவள். சுருதி விலகினால் எனக்குப் பல் கூசும். இந்தப் பெண்ணுக்கு மேலே போனால் நிற்கவே தெரியவில்லை. மூன்றாவது பாட்டில் உச்சத்துக்குப் போகிற இடத்தை சுருதி ஒரு இழை இறங்கித்தான் தொடுவாள். மூச்சு வாங்குவதுகூடக் கேட்கும். வேறு யார் இப்படிப் பாடியிருந்தாலும் அணைத்திருப்பேன். இவளை அணைக்க மனம் வரவில்லை. பக்கத்து அறையில் யாரோ வேலை செய்துகொண்டே பாடுவது மாதிரி, வீட்டில் ஆள் இருப்பது மாதிரி இருந்தது. இன்னொன்றும் உண்டு. வரிக்கு வரி "வா" என்று காதில் விழும். அவள் மொழியில் அது என்னவாக இருந்தால் எனக்கென்ன? கூப்பிடுகிற மாதிரி இருக்கிறதே என்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஒரு நாள் அப்பார்ட்மென்ட் சலவை அறையில் துணி மடித்தபடி அந்த மூன்றாவது பாட்டை முணுமுணுத்தேன். டிரையரிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்த பெண்மணி கையிலிருந்த துண்டோடு அப்படியே நின்றுவிட்டார். கீழ்வீட்டு ஜப்பான்காரர், என்னைவிட ஏழெட்டு வயது பெரியவர். பார்த்தால் தலையசைப்போம், அவ்வளவுதான் பழக்கம். "நோ, நோ" என்று கையை ஆட்டினார். பிறகு அந்த வரியைத் தானே பாடிக் காட்டினார், அந்தப் பெண் எவ்வளவு இறங்குவாளோ சரியாக அவ்வளவே இறங்கி. நான் பழக்க தோஷத்தில் சுருதியைச் சரிசெய்து பாடியிருக்கிறேன். அதுதான் தப்பாம். என் பாட்டு வாத்தியார் இதைக் கேட்டிருந்தால் எழுந்து வெளியே போயிருப்பார்.

அதற்குப் பிறகு மத்தியானங்களில் அந்த ஜப்பான் பெண்மணி என் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். பாட்டு வரிகள் அச்சிட்ட தாளை விரித்து, தெரிந்த ஆங்கிலத்தில் எனக்கு விளக்குவார். அது அந்தப் பாடகியின் ஆரம்ப கால ஆல்பம். அது வந்தபோது இவர் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாராம். வகுப்பில் பாதிப் பேர் அவளைப் போலவே முடி வெட்டிக்கொண்டார்களாம். "அவளுக்கு நன்றாகப் பாட வராது. ஆனால் முயற்சி செய்வாள். அதனால்தான் பிடிக்கும்" என்றார். பிற்பாடு நன்றாகப் பாடக் கற்றுக்கொண்டாளாம், அந்த ஆல்பங்களை இவர் வாங்கவே இல்லையாம். "வா" என்றால் என்ன என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றார். 'நான்', 'நீ' மாதிரிச் சொற்களுக்குப் பின்னால் ஒட்டுவது, தனியாக அர்த்தம் கிடையாது. என்னைக் கூப்பிடுவதாக நினைத்து இத்தனை நாள் உட்கார்ந்திருந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. எனக்குத்தான் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

கடைசிப் பாட்டில் ஒரு பெண் காலையில் வீட்டிலிருந்து கிளம்புகிறாள். "இத்தே கிமாஸு" என்கிறாள். இத்தே என்றால் போய், கிமாஸு என்றால் வருகிறேன். நான் துள்ளிக் குதித்துவிட்டேன். எங்கள் ஊரிலும் "போறேன்" என்று சொல்லக் கூடாது, "போயிட்டு வரேன்" என்றுதான் சொல்ல வேண்டும் என்று திக்கித் திணறி விளக்கினேன். அவர் யோசித்தார்.

"ஒரேயடியாகப் போகிறவரும் அப்படித்தான் சொல்வாரா?" என்று கேட்டார்.

அப்படித்தான் என்றேன். அவர் தலையைச் சாய்த்துக்கொண்டார். அவர்கள் வழக்கத்தில் அதே வீட்டுக்குத் திரும்புகிறவர்தான் சொல்லலாமாம். திரும்பாதவர் சொன்னால் பொய்யாகிவிடும், வீட்டில் இருப்பவர் விளக்கைப் போட்டுவிட்டுக் காத்திருப்பாரே என்றார். அவருக்கு என் முடிவு தெரியாது. நான் பாட்டுத் தாளை மடித்து சிடி உறைக்குள் வைத்தேன்.

மே மாதம் வந்தது. அப்போதெல்லாம் வழியனுப்ப வருகிறவர்கள் விமானம் ஏறும் வாசல் வரை வரலாம். கணவர் என் கைப்பையைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தார். பாஸ்போர்ட் இருக்கா, தண்ணி வேணுமா, ஸ்வெட்டர் எடுத்தியா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வரிசை நகர ஆரம்பித்தது. பிறந்ததிலிருந்து யோசிக்காமல் சொல்லி வந்த அந்த இரண்டு சொல் அன்றைக்கு வாயில் வரவில்லை.

"நான் போறேங்க" என்றேன்.

"ஏய், என்ன போறேங்கற? போயிட்டு வரேன்னு சொல்லு."

பின்னாலிருந்த ஒரு குடும்பம் எங்களைச் சுற்றிக்கொண்டு முன்னால் போயிற்று. ஒரு புரோகிராமில் பிழை கண்டுபிடிக்க நாள் கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்ளும் மனிதர், இதை உடனே கண்டுபிடித்துவிட்டார்.

"திரும்பி வரதா இல்லையா நீ?"

"முடியலங்க. நீங்க நல்லவர்தான். ஆனா நாள் பூரா பேச ஒரு ஆள் இல்லாம என்னால இருக்க முடியல."

கத்துவார் என்று நினைத்தேன். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஆபீஸ்ல எங்கிட்டயும் யாரும் பேசறதில்ல" என்றார். "உன் சாப்பாட்டு டப்பாவத் தெறந்தா ஸ்மெல் வருதுன்னு ஒருத்தன் சொன்னான். அதுலேர்ந்து கார்ல உக்காந்துதான் சாப்பிடறேன். உங்கிட்ட சொன்னா இன்னும் பயந்துடுவியோன்னு சொல்லல."

திறந்த டப்பாவோடு பார்க்கிங்கில் தனியாக உட்கார்ந்திருக்கும் அவரை அன்றைக்குத்தான் முதன்முதலாக நினைத்துப் பார்த்தேன். அதே நேரத்தில் நான் வீட்டில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு தனியாகச் சாப்பிட்டிருப்பேன். எனக்கு அவர் மேல் இருந்த கோபமெல்லாம் போய், ஐயோ என்று ஆகிவிட்டது.

கல்யாணம் முடிந்து நான் திரும்பி வந்தேன். அதெல்லாம் பிறகு நடந்தது. அந்த நிமிஷம் வருவேனா மாட்டேனா என்று எனக்கே தெரியவில்லை. கடைசி அழைப்பு வந்ததும் அவர் எழுந்து கைப்பையை நீட்டினார். வாங்கிக்கொண்டு, "நாளைக்கு மத்தியானம் சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"தெரியல" என்றார்.