சிரட்டைக் கம்பியில் செய்த நொதி

என் அண்ணன் மூக்கையா ருவான்வெல்லைக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பதினெட்டு வருடம் பால் வெட்டினான். மரத்தை நோகடிக்காத கை என்று கங்காணியே சொல்வார். 1975இல் அந்தப் பால்வெட்டுக் கத்தி வழுக்கி அவன் காலிலேயே இறங்கியது. அவனைப் பற்றி எவன் எழுதப்போகிறான்? அதனால் நான் சொல்கிறேன்.

தோட்டத்து மருந்தறை ஏரம்பமூர்த்தி ஐயாவின் பொறுப்பு. யாழ்ப்பாணத்தவர், படிப்பில் பைத்தியம். அங்கே கூட்டிப் பெருக்குகிறவள் நான். லண்டனிலிருந்து மருமகன் அனுப்பிய புத்தகத்தில் கிருமிக்குள் இருக்கும் ஏதோ ஒரு நொதியின் படத்தைப் பார்த்த நாளிலிருந்து, ஐயா கம்பியை வளைத்துக்கொண்டே இருந்தார். ரப்பர் பால் பிடிக்க மரத்தில் சிரட்டை மாட்டுகிற கம்பி. கொண்டுவந்து கொடுத்தவன் அண்ணன்தான்.

“இது பெனிசிலினை அறுக்கிற நொதி. புத்தகத்திலை இருக்கிறது வேறை. இதின்ரை வடிவம் இன்னும் ஒருத்தருக்கும் தெரியாது, நான் ஊகிச்சுச் செய்யிறன்,” என்பார் ஐயா. “மருந்து வந்து இந்தப் பள்ளத்துக்குள்ளை இருக்கும். அறுபடும். கிருமி சாகாது.”

அண்ணன் வாயைப் பிளந்து கேட்பான். தன் கம்பி என்று அவனுக்குப் பெருமை வேறு, பாவி!

காலில் சீழ் பிடித்தது. ஐயா நான்கு நாள் பெனிசிலின் குத்தினார். வீக்கம் தொடைக்கு ஏறியது, உடம்பு கொதித்தது. கேகாலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஐயா துண்டுச் சீட்டு எழுத வேண்டும். துண்டில்லாமல் ஏற்ற முடியாதென்று தோட்டத்துச் சிங்கள லொறிக்காரர் தன் பாஷையில் “பே, பே” என்று கையை விரித்துவிட்டார்.

“ஐயா, துண்டு குடுங்கய்யா. அண்ணன் ஏதேதோ பொலம்புதுங்க.”

“பொறு, சுப்பம்மா. சனிக்கிழமை பெரிய டொக்டர் வாறார். மருந்துக்கு அசையாத புண்ணையும் இந்தக் கம்பியையும் பக்கத்திலை வைச்சுக் காட்டினாத்தான் நம்புவார்.”

பொறுத்தேன். படித்தவர் சொன்னால் சரியாயிருக்கும் என்று பொறுத்தேனே, என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலையில் அண்ணன் செத்துப்போனான். அன்றைக்கே புதைத்தோம்.

சனிக்கிழமை பெரிய டொக்டர் வந்து கம்பியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, அருமை என்றார். நான் விளக்குமாற்றைக் கீழே போட்டேன்.

“மருந்த அறுக்குதுன்னு தெரிஞ்சேதான் அதையே குத்துனீங்களாய்யா?”

ஐயா கம்பியை டொக்டர் பக்கம் நகர்த்தினார். அதை மேசையோடு தள்ளிவிட்டேன். கம்பி தரையில் விழுந்து நெளிந்தது.

“ஐயோ!” என்று ஏரம்பமூர்த்தி ஐயா மண்டியிட்டு அதை எடுத்தார். அண்ணன் பிணத்துக்கு முன்னால் வராத கண்ணீர் அப்போது அவருக்கு வந்தது.