நிலைக்காலில் போட்ட ஓட்டை

எங்கள் ஊர் அம்மன் நகைகள் கோயிலில் இருப்பதில்லை. கிரீடம், ஒட்டியாணம், பொட்டுத்தாலி எல்லாம் ஒரு பெட்டியில், ஒரு ஆடியிலிருந்து மறு ஆடிவரை, முறை வருகிற குடும்பத்தின் பூஜை அறையில் இருக்கும். அந்த வருஷம் முழுக்க அந்த வீட்டில் கவுச்சி கிடையாது. இரண்டு வேளையும் விளக்கேற்ற வேண்டும். வீட்டை ஆளில்லாமல் பூட்டிவிட்டுப் போகக் கூடாது.

போன ஆடியில் பெட்டி எங்கள் வீட்டுக்கு வந்தது. தாமலில் என் தம்பி மகளுக்குக் கல்யாணம் நடந்தபோது என் வீட்டுக்காரர் மட்டும் போய் வந்தார். நான் பெட்டிக்குக் காவலாக உட்கார்ந்திருந்தேன். தம்பி இன்றைக்கும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அம்மனுக்காகத்தானே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

பக்கத்து ஊர்க் கோயிலில் உண்டியலை யாரோ உடைத்ததும் எங்கள் தர்மகர்த்தா, எனக்கு மாமா முறை, காஞ்சிபுரத்திலிருந்து அலாரம் கடைக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தார். கடைக்காரர் இரண்டு விதம் காட்டினார். ஒன்று வயர் இழுப்பது; பூஜை அறைக் கதவுக்கும் நிலைக்கும் துளை போட வேண்டும், கதவு திறந்தால் வாசலில் சைரன் கத்தும். இன்னொன்று வயர் இல்லாதது. சின்ன டப்பாவைக் கதவில் ஒட்டிவிட்டால் போதும், போனுக்குச் செய்தி போகும்.

நான் யோசிக்கவே இல்லை. "வயர் இல்லாததே போடுங்க" என்றேன். அந்த நிலையை வைத்த நாளில் நவதானியமும் காசும் போட்டுப் பூஜை செய்தோம். வெள்ளிக்கிழமை தவறாமல் மஞ்சள் பூசிப் பொட்டு வைக்கிறேன். அதில் துளை போடுவதா?

கடைக்காரர் டப்பாவை ஒட்ட ஆரம்பித்தார். பேச்சுவாக்கில் கேட்டேன், "காலைல நான் வெளக்கேத்தப் போனாலும் கத்துமா?"

"இங்க கத்தாதுக்கா. அஞ்சு பேர் போனுக்கு மெசேஜ் போவும்."

"எந்த அஞ்சு பேரு?"

"கோயில் கமிட்டிக்காரங்க. யாரு தொறந்தாலும் போவும்."

"நான் தொறக்கறப்ப நிறுத்திக்கினு போவ முடியாதா?"

அவர் மாமாவைப் பார்த்தார். "அதுக்கு ஒரு நம்பர் கீதுக்கா. உங்க கைல குடுக்க வேணாம்னு சொல்லிட்டாங்க."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உண்டியலை உடைத்தவன் எங்கோ சுகமாக இருக்கிறான். காவல் எனக்குப் போடுகிறார்கள்! இத்தனை மாசமாக வாயைக் கட்டி, கல்யாணத்தை விட்டு, வீட்டை விட்டு நகராமல் கிடந்தவளுக்கு.

"இன்னா மாமா, திருடன் நானா?"

"யாரும்மா அப்டி சொன்னது? ஊர் சொத்து. நாலு பேருக்குத் தெரிஞ்சா உனக்கும் நல்லதுதான?"

"நான் எத்தினி தடவ சாமி கும்புடறேன்னு அஞ்சு ஆம்பளைங்களுக்குத் தெரியணுமா?"

என் வீட்டுக்காரர் மெதுவாக, "வுடு, பெரியவரு" என்றார். அவர்மேலும் கோபம் வந்தது. கல்யாணத்தில் விருந்து சாப்பிட்டவர் அவர்தானே.

அப்போதுதான் நினைவு வந்தது. "அடுத்த ஆடிக்கு முறை உங்க வூடுதான மாமா? இந்த டப்பா அங்கயும் வரும்ல? உங்க மருமக பூஜ ரூமுக்குள்ள போனா எனக்கும் மெசேஜ் போடச் சொல்லுங்க. நானும் பாத்துக்கினு இருக்கேன்."

மாமா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"இல்லன்னா பெட்டிய இப்பவே தூக்கிக்கினு போங்க. வருஷ நடுவுல அம்மனை எடுத்துக்கினு போனீங்கன்னு ஊருக்கு நீங்களே சொல்லுங்க."

எடுப்பாரா? கைகூட நீட்டவில்லை.

நான் கடைக்காரரிடம் திரும்பினேன். "டப்பாவப் பிரிச்சிடுங்க. வயர் போடுங்க."

"நிலையில துளை போடணுமேக்கா?"

"போடுங்க."

கற்பூரம் ஏற்றினேன். தாயே, பொறுத்துக்கொள் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். டிரில்லிங் மிஷின் நிலைக்குள் இறங்கியபோது என் பல்லில் இறங்கியதுபோல இருந்தது. கீழே விழுந்த மரத்தூளைத் துடைப்பத்தால் தொடவில்லை. கையால் வழித்துத் துளசி மாடத்தில் போட்டேன்.

நிறுத்துகிற சாவியை என் கையில் கொடுத்துவிட்டுக் கடைக்காரர் ஒருமுறை கதவைத் திறந்து காட்டினார். சைரன் அலறியது. எதிர்வீட்டம்மா தோசைக்கரண்டியோடு ஓடிவந்தாள். டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்தார்கள். "இன்னா ஆச்சு? எவன் அவன்?" என்று தெருவே கூடிவிட்டது.

"சும்மா, சரியா கத்துதான்னு பாத்தோம்" என்றேன். எதிர்வீட்டம்மா, "அடிப்பாவி, தோச தீஞ்சி போச்சுடி!" என்று திட்டிக்கொண்டே ஓடினாள்.

மாமா செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார், "அவங்கவங்க வூட்ல இருக்கற கமிட்டிக்காரங்களுக்கு எப்டித் தெரியும்?"

"காது கீதுல்ல மாமா?"

ஆடிக்கு இன்னும் நாலு மாதம் இருக்கிறது. அன்றைக்குப் பெட்டியைத் தலையில் சுமந்துபோய் அவர் வீட்டில் இறக்கி வைக்க வேண்டியவள் நான்தான். மனசில் இந்தக் கோபத்தோடு அம்மனைச் சுமக்கக் கூடாது. அதை எடுத்துவிடு தாயே என்று தினமும் விளக்கேற்றிக் கேட்கிறேன். எழுந்து வெளியே வரும்போது நிலைக்காலில் அந்த ஓட்டை கண்ணில் படுகிறது. மறுபடி முதலிலிருந்து கேட்கிறேன்.