கால் குடைச்சலால் வந்த சம்பந்தம்

எனக்குப் பதினாலு வயதிலிருந்து பொழுது சாய்ந்தால் கால் குடையும். வலி என்று சொல்ல முடியாது. முழங்காலுக்குக் கீழே, எலும்புக்கும் சதைக்கும் நடுவில், யாரோ விடாமல் கூழ் கிண்டுவது போல இருக்கும். எழுந்து நடந்தால் நின்றுவிடும். உட்கார்ந்தாலோ படுத்தாலோ மறுபடி ஆரம்பித்துவிடும். பகலில் ஒன்றுமே இருக்காது. அதனால் யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள்.

அவலூர்பேட்டையில் என் அப்பா, நாங்கள் நைனா என்போம், மல்லாட்டை மண்டி, அதாவது வேர்க்கடலை மண்டி, வைத்திருந்தார். அம்மா வேப்பெண்ணெய் காய்ச்சித் தடவிப் பார்த்தாள். பழைய வேட்டியைக் கிழித்து இறுக்கிக் கட்டிப் பார்த்தாள். சில நாள் தங்கையை என் கால் மேல் உட்கார வைப்பாள். அவள் ஏதோ ஊஞ்சல் கிடைத்த மாதிரி சந்தோஷமாக உட்காருவாள். எதுவும் பலிக்காமல் போக, அம்மா அலுத்துப்போய், "சும்மா கால ஆட்டிக்கினே இருக்காத. பொட்டப்புள்ள கால ஆட்டினா குடும்பத்துக்கு ஆவாது" என்று திட்ட ஆரம்பித்தாள். ஆட்டுவது நான் இல்லை, அதுவே ஆடுகிறது என்று எப்படிப் புரியவைப்பது?

இருபது வயதில் செஞ்சியிலிருந்து ஒரு வரன் வந்தது. கடைத்தெருவில் பாத்திரக் கடை. எவர்சில்வர் வந்து பித்தளையைப் பரணுக்குத் துரத்திக்கொண்டிருந்த காலம் அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். எனக்குப் பெரிய நிம்மதி. மூன்று மணிக்கு என் கால்கள் தங்கமான கால்கள். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் மடங்கி உட்காரும்.

வழியில் பஸ் டயர் வெடித்துவிட்டது. அவர்கள் எங்கள் வாசலுக்கு வந்து சேரும்போது நாலரை. ராகு காலம் தொடங்கிவிட்டது. ஆறு மணிக்கு மேல்தான் பெண்ணைக் கூடத்துக்கு அழைத்துவர வேண்டும் என்று இரண்டு பக்கத்திலும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். நான் பட்டுப்புடவையோடு உள்ளறையில் சுவருக்குச் சுவர் நடந்தேன். "நடக்காதடி, பவுடர் கரையுது" என்று அம்மா பின்னாலேயே வந்தாள்.

ஆறு மணிக்கு விளக்கு வைத்தார்கள். என்னைக் கொண்டுபோய்ப் பாயில் உட்கார வைத்தார்கள். உட்கார்ந்த இரண்டாவது நிமிடமே கூழ் கிண்ட ஆரம்பித்துவிட்டது.

நைனாவும் மாப்பிள்ளையின் அப்பாவும் பாத்திரம், மல்லாட்டை, மழை என்று ஒன்றுவிடாமல் பேசினார்கள். மாப்பிள்ளை ஆறிப்போன காப்பியை இன்னும் ஆற்றிக்கொண்டிருந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. எனக்கு இருந்த ஒரே வேலை காலை அசைக்காமல் இருப்பது. புடவைக்குள் என் கட்டைவிரல்கள் இரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டிருந்தன. மேல்துணி அசையக் கூடாதே என்று முழங்காலைக் கையால் அழுத்திப் பிடித்தேன். நெற்றியில் வியர்வை வழிந்தது. வெட்கம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் எதிரே பார்த்தேன். மாப்பிள்ளையின் அம்மா, நல்ல உயரமான மனுஷி, அரக்குப் புடவை கட்டிச் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். முகம் கோயில் சிலை மாதிரி அசையாமல் இருந்தது. ஆனால் புடவைக் கரைக்குக் கீழே அவருடைய பாதம், தையல் மிஷின் மிதிக்கிற வேகத்தில் போய்க்கொண்டிருந்தது.

நான் அவர் காலையே பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார். பிறகு என் காலைப் பார்த்தார். பிறகு என் முகத்தை. அவருடைய உதடு துடித்தது. அது கோபமா சிரிப்பா என்று தெரியாமல் எனக்கு உயிரே போய்விட்டது.

திடீரென்று எழுந்து நின்றார். "எனக்குக் கால் கழுவணும். கெணத்தடி எங்க? பொண்ணே வந்து காட்டட்டும்."

நான் குதித்து எழுந்தேன். பெண் பார்க்க வந்த இடத்தில் அவ்வளவு வேகமாக எழுந்த பெண் அந்த ஊரில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டாள்.

கிணற்றடிக்குப் போனதும் அவர் புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு துவைக்கிற கல்லின் மேல் ஏறி நின்று மூன்று தடவை மிதித்தார். "அப்பாடா! உசுரு வந்துச்சு" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். "உனக்கும் குடையுதா?"

"ஆமாங்க."

"எத்தினி வருசமா?"

"ஆறு வருசமா."

"எனக்கு இந்தப் புள்ள வயித்துல இருந்தப்போலேர்ந்து. எப்பிடி இருக்கும் உனக்கு? எறும்பு ஊறுறாப்புலயா?"

"கூழ் கிண்டுறாப்புல."

"ஆ!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "அதான்! அதே தான்! இருவத்தஞ்சு வருசமா அத எப்பிடிச் சொல்றதுன்னு தெரியாம தவிச்சிக்கினு இருந்தேன். கூழு கிண்டுது! கேட்டா எங்க வூட்ல எல்லாரும் சிரிக்கிறாங்க. எங்க மாமியார் காத்து கருப்புன்னு வேப்பிலை அடிச்சாங்க. உனக்கு அடிச்சாங்களா?"

"இல்லீங்க. தங்கச்சிய தூக்கி மேல ஒக்கார வெச்சாங்க."

அவ்வளவுதான். அவருக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. எனக்கும் வந்தது. இரண்டு பேரும் கிணற்றைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டே பேசினோம். கல்யாண வீடுகளில் உட்கார வேண்டாம் என்பதற்காகவே சாயந்திரப் பந்தியில் பரிமாறப் போய்விடுவாராம். நல்ல உழைப்பாளி என்று ஊரெல்லாம் பெயராம். நான் கோயில் கதாகாலட்சேபத்தில் தூணோடு நின்றே கேட்பதைப் பார்த்து, பக்தி அதிகம் என்று எனக்கும் ஒரு பெயர் இருந்தது. அதைச் சொன்னதும் அவர் ராட்டினக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். பூ நழுவி விழுந்ததுகூட எனக்குத் தெரியவில்லை.

உள்ளே எல்லோரும் பயந்துபோயிருந்தார்கள். பின்வாசலில் தொண்டையைக் கனைக்கும் சத்தம் கேட்டது. மாப்பிள்ளையின் அப்பா.

"இன்னா, கெணத்த வெல பேசுறியா? எவ்ளோ நேரம்?"

"பொண்ணு புடிச்சிருக்குது" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"புள்ள இன்னும் மூஞ்சியே பாக்கலியே!"

"பாக்கட்டும். யாரு வாணான்னது?"

பிள்ளை பார்த்தார். கலைந்த தலையும் கரைந்த பவுடருமாக, சிரிப்பை அடக்க முடியாமல் நின்ற ஒரு பெண்ணைத்தான் பார்த்தார். கல்யாணத்துக்கு அப்புறம் ஒரு நாள் கேட்டேன், எதை நம்பிச் சரி என்று சொன்னீர்கள் என்று. "எங்கம்மா அந்த மாதிரி சிரிச்சு நான் பாத்ததே இல்ல" என்றார்.

கல்யாணத்தில் எல்லாச் சடங்கையும் வெயில் இறங்குவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று மாமியார், இனி எனக்கு அத்தை, ஒற்றைக்காலில் நின்றார். முதல்நாள் சாயந்திரம் நலங்கு ஐந்து நிமிடத்தில் முடிந்தது. இவ்வளவு அவசரமான சம்பந்தியைப் பார்த்ததில்லை என்று எங்கள் பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். மணையில் இருந்த என்னைப் பார்த்து அத்தை ஒரு கண்ணைச் சிமிட்டினார்.

செஞ்சியில் கடைக்கு மேலேயே வீடு. விளக்கு வைத்ததும் நானும் அத்தையும் கிளம்பிவிடுவோம். கோயிலுக்கு என்று சொல்வோம். உண்மையில் திருவண்ணாமலை ரோட்டில் விறுவிறு என்று நடந்து, கோட்டைப் பக்கம் செட்டிகுளம் வரைக்கும் போய்த் திரும்புவோம். குடைச்சல் அதிகமாக இருந்தால் இன்னொரு நடை. ராஜகிரி மலை இருட்டிப்போவதற்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்பது மாமா போட்ட நிபந்தனை. ஒரு நாளும் அதைக் காப்பாற்றியதில்லை. சில நாள் யார் முதலில் குளத்தைத் தொடுவது என்று அத்தை பந்தயம் வைப்பார். நாற்பத்திரண்டு வயசு மாமியாரும் இருபது வயசு மருமகளும் ரோட்டில் ஓடினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? ஒருத்தியை ஒருத்தி துரத்துகிறாள் என்றுதான்.

அந்தச் செய்தி பஸ் ஏறி அவலூர்பேட்டைக்குப் போய்விட்டது. மாமியாரும் மருமகளும் தினம் சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டு ஓடுகிறார்கள். மாமியார் அடிக்கத் துரத்துகிறாள். கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மண்டிக்கு வந்த எவரோ நைனாவிடம் இப்படிச் சொல்ல, அவர் போட்ட சட்டையோடு கிளம்பிவிட்டார்.

இங்கே எங்களுக்கு ஒன்றும் தெரியாது. அன்றைக்கு அத்தைக்கு சினிமா ஆசை வந்துவிட்டது. ஊருக்கு வெளியே டூரிங் டாக்கீஸ் கொட்டாய் போட்டிருந்தார்கள். சாயந்திர ஆட்டத்துக்குப் போனோம். பெண்கள் பக்கம் மணல் தரை. பாட்டு ஒன்று முடிவதற்குள் இரண்டு பேருக்கும் ஆரம்பித்துவிட்டது. ஓசைப்படாமல் எழுந்து கடைசியில் போய், கொட்டாயைத் தாங்கும் மரக்கம்பத்தோரம் நின்றோம். அங்கே ஏற்கெனவே ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். வெள்ளைப் புடவை, இறுக்கமான கொண்டை. ஆஸ்பத்திரிப் பிரசவ வார்டில் இருந்த நர்சம்மா. படத்தைப் பார்த்துக்கொண்டே நின்ற இடத்தில் லெப்ட் ரைட் போட்டுக்கொண்டிருந்தாள்.

அத்தை என் விலாவில் இடித்தார். அப்புறம் மெதுவாக அவள் பக்கம் சாய்ந்து, "நர்சம்மா, குடையுதா?" என்றார்.

அந்த நர்சம்மாவைக் கண்டால் ஊரே நடுங்கும். அவள் எங்களைத் திரும்பிப் பார்த்தாள். குனிந்து எங்கள் கால்களைப் பார்த்தாள். ஆறு கால்களும் அடங்காமல் ஆடிக்கொண்டிருந்தன.

"எனக்கு மட்டும்தான்னு நெனச்சிக்கினு இருந்தேன்" என்றாள். அவள் குரல் உடைந்துபோயிருந்தது. அடுத்த நொடியே, "எல்லாரும் ஒரே தாளத்துல போடலாமா?" என்றாள்.

போட்டோம். திரையில் யாரோ சாகக் கிடந்தார்கள். கொட்டாயே அழுதுகொண்டிருந்தது. நாங்கள் மூன்று பேரும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தோம். அடைத்தும் நிற்கவில்லை. "யாரும்மா அது, எழவு வூட்ல சிரிக்கிறது?" என்று முன்னால் இருந்து ஒரு குரல் வந்தது. டார்ச் லைட்டோடு ஆள் வந்துவிட்டான். "ஒக்காந்து பாருங்கம்மா. இல்லன்னா வெளிய போங்க."

"ஒக்கார முடிஞ்சா நாங்க ஏம்பா நிக்கிறோம்?" என்றார் அத்தை. வெளியே போகச் சொல்லிவிட்டான்.

நாங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வரவும், கடையில் விசாரித்துக்கொண்டு நைனா மூச்சிரைக்க அங்கே வந்து சேரவும் சரியாக இருந்தது. மகளும் சம்பந்தியும் முகம் சிவந்து, கண்ணில் நீர் வழிய, கூடவே ஒரு நர்சம்மாவோடு வருவதைப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார்.

"அம்மாடி! ஆசுபத்திரி வரிக்கும் போயிடுச்சா? எங்க அடி?"

அதைக் கேட்டு அத்தை தரையில் உட்கார்ந்தேவிட்டார். நர்சம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நைனாவுக்கு விஷயத்தைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் படத்தில் இடைவேளை விட்டுவிட்டார்கள்.

எல்லாம் கேட்டுவிட்டு நைனா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்புறம், "பொழுது போனா நானு மண்டியில மூட்டைங்களச் சுத்திச் சுத்தி நடப்பேனே, எதுக்குன்னு நெனச்ச?" என்றார்.

"எலி பாக்குறீங்கன்னு அம்மா சொல்லும்."

"எலி இல்லம்மா" என்றார். "உனக்கு இருக்கிறது என்னுதுதான். ஆம்பள இதப் போயி யாருகிட்ட சொல்றது? உங்கம்மா உன்னத் திட்டறப்போ வாயத் தொறக்காம இருந்துட்டேன்."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "வாங்க சம்பந்தி, கொளம் வரிக்கும் ஒரு நட போயிட்டு வரலாம். பேசிக்கினே போனா சரியாப் போயிடும்" என்றார் அத்தை. நான்கு பேரும் நடந்தோம். நைனாதான் எல்லோருக்கும் முன்னால் போனார்.

அடுத்த வருஷம் என் வயிற்றில் குழந்தை வந்தது. கூடவே குடைச்சல் இரண்டு பங்காகிவிட்டது. நர்சம்மா என் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்து, ரத்தம் கம்மி என்று டாக்டரிடம் அழைத்துப் போனாள். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். நர்சம்மா அத்தையின் கண்ணையும் இழுத்துப் பார்த்தாள், அவருக்கும் மாத்திரை கிடைத்தது. இரண்டு மாதம் போனதும் பாயில் அரை மணி நேரம் சேர்ந்தாற்போல உட்கார முடிந்தது. அத்தை அன்றைக்குப் பக்கத்து வீடுகளையெல்லாம் கூப்பிட்டு, தான் உட்கார்ந்திருப்பதைக் காட்டினார். முழுதாகப் போய்விடவில்லை. இன்றைக்கும் போகவில்லை. ஆனால் நடைக்குக் கூட்டம் சேர்ந்துவிட்டது. மேல்சித்தாமூரிலிருந்து கடைத்தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நயினார் வீட்டுப் பெண் ஒருத்தி, சமணர் வழக்கப்படி பொழுது இறங்குவதற்குள் சாப்பிட்டுவிட்டு எங்களுக்கு முன்னாலேயே தயாராக நிற்பாள். குடைச்சலே இல்லாத இரண்டு பேர் சிரிக்கலாம் என்பதற்காகவே வந்தார்கள்.

என் பெண்ணுக்கு ஒரு வயதாகும்போது நர்சம்மாவுக்குத் திண்டிவனத்துக்கு மாற்றல் ஆகிவிட்டது. சாயந்திர பஸ். நாங்கள் எல்லோரும் வழியனுப்பப் போயிருந்தோம். அத்தை அழுதுகொண்டே ஒரு எவர்சில்வர் தூக்கு நிறையப் புளியோதரை கொடுத்தார். பஸ்ஸில் பாதி சீட் காலி. நர்சம்மா ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒக்காருங்க நர்சம்மா, எடம் இருக்குதில்ல" என்றார் கண்டக்டர்.

"வாணாம்பா."

"திண்டிவனம் வரிக்கும் நிக்கப் போறீங்களா? எனக்குத்தான் கெட்ட பேரு வரும். ஒக்காருங்கம்மா, உங்க கால்ல வேணா வுழறேன்."

"கால மட்டும் தொடாதப்பா" என்று கீழே இருந்து அத்தை கத்தினார்.

நர்சம்மா சிரித்த சிரிப்பில் தூக்கு கையிலிருந்து நழுவப் பார்த்தது. கண்டக்டர் ஒன்றும் புரியாமல் விசில் அடித்தார். பஸ் கிளம்பியது. ஜன்னல் வழியாக அவள் தலை தெரியவில்லை. வெள்ளைப் புடவையும், கம்பியைப் பிடித்த கையும் மட்டும் தெரிந்தன. பஸ் திரும்பி மறையும் வரைக்கும் நாங்களும் நின்ற இடத்தில் நிற்காமல் கூடவே நடந்தோம்.